கேண்டிலீவர் பிரேக்: வீட்டிலேயே சரிசெய்ய 12 குறிப்புகள்

கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் பக்கமெல்லாம் பெரும்பாலும் சமதரை. சைக்கிள் பிரேக் பாதிதான் பிடிக்கிறது என்பது நாள்கணக்கில் தெரியாது. தோட்டத்துச் செம்மண் சடக்கு பெரிய சாலையில் ஏறும் முனையில், செம்பனை லாரி எதிரே வரும்போதுதான் தெரியும்.

அந்நாளில் தோட்டங்களில் ஓடிய பெரிய சைக்கிள்களுக்குக் கம்பி பிரேக் இருந்தது. பின்னால் வந்த மலைச் சைக்கிள்களில் ரிம்மின் இருபுறமும் ஒவ்வொரு கை. இரண்டையும் ஒரு குறுக்கு ஒயர் சேர்த்து இழுக்கும். இதுதான் கேண்டிலீவர் பிரேக். 1996இல் ஷிமானோவின் வி-பிரேக் வந்ததும் புதுச் சைக்கிள்களில் இது குறைந்தது. பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் பலர், பிரேக் பிடிக்காவிட்டால் ஒயரை மட்டும் இறுக்குகிறார்கள். கோளாறு பெரும்பாலும் ரிம்மை அழுத்தும் ரப்பர் கட்டையில் இருக்கும். கீழே உள்ள வரிசைப்படி செய்யுங்கள்.

1. 5 மி.மீ., 2 மி.மீ. ஆலன் சாவிகள், 10 மி.மீ. ஸ்பேனர், பிளையர், கொஞ்சம் கிரீஸ், பழந்துணி இருந்தால் பெரும்பாலான சைக்கிள்களுக்குப் போதும்.

2. முதலில் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பாருங்கள். அது நடுவில் நிற்க வேண்டும், ஆடக் கூடாது. ஆடும் சக்கரத்துக்கு எந்த பிரேக்கும் சரியாக அமையாது. கடையில் கொடுத்துக் கம்பிகளை இழுத்துக் கட்டிய பிறகு பிரேக்கைத் தொடுங்கள்.

3. செம்மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த ரிம்மைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவித் துடையுங்கள். கட்டையில் குத்தியிருக்கும் மணலையும் அலுமினியத் துணுக்கையும் ஊசியால் நெம்பி எடுத்து, உப்புத்தாளால் தேயுங்கள். கட்டையில் உள்ள பள்ளக்கோடு மறைந்துவிட்டால் இருபுறமும் சேர்த்து மாற்றுங்கள்.

4. கைகளைக் கழற்றி, அவை திரும்பும் முளையில் மட்டும் மெல்லிதாக கிரீஸ் தடவுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும். ஸ்பிரிங் முனை செருக மூன்று துளைகள் இருந்தால், இரு பக்கமும் நடுத்துளையில் செருகுங்கள். ஜெராம், செகிஞ்சான் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இந்த முளையைத்தான் துருவேற்றும்.

5. கட்டையின் மேல்விளிம்பு, ரிம்மின் மேல்விளிம்புக்கு 1 முதல் 2 மி.மீ. கீழே இருக்கட்டும். மேலே போனால் டயரை அறுக்கும். இந்த வகைக் கட்டை தேயத் தேயக் கீழே இறங்கும். விட்டுவிட்டால் ரிம்மைத் தாண்டிக் கம்பிகளுக்குள் புகுந்துவிடும்.

6. பிரேக் கீச்சிட்டால் கட்டையின் முன்முனை பின்முனையைவிட 1 மி.மீ. அளவு முந்தி ரிம்மைத் தொடும்படி வையுங்கள். பின்முனைக்கு அடியில் மடித்த அட்டையை வைத்து, பிரேக்கைப் பிடித்தபடி முடுக்கினால் இது எளிது. முடுக்கும்போது கட்டை திரும்பாமல் ஆலன் சாவியால் பிடித்துக்கொண்டு, ஸ்பேனரால் நட்டை இறுக்குங்கள்.

7. குறுக்கு ஒயரைத் தூக்கும் கொக்கி தாழ்ந்திருந்தால் பிடிப்பு கூடும். ஆனால் ஹேண்டிலில் உள்ள பிரேக் பிடியை அதிகம் இழுக்க வேண்டும். உயர்ந்திருந்தால் பிடி கெட்டியாகத் தோன்றும், பிடிப்பு குறையும். ஒயரும் கையும் ஏறக்குறைய 90 பாகையில் சந்திக்கும்படி வைத்துத் தொடங்குங்கள்.

8. ஒயரை முடுக்குமுன், பிடியருகே உள்ள திருகை முழுதும் உள்ளே திருகிவிடுங்கள். ரிம்முக்கும் கட்டைக்கும் 2 மி.மீ. இடைவெளி விட்டு முடுக்கிய பின் அந்தத் திருகால் நுணுக்கமாகச் சரிசெய்யலாம். கியர் ஒயரின் உறையை பிரேக்குக்குப் போடாதீர்கள். அழுத்தம் தாங்காமல் பிளந்துவிடும்.

9. ஒரு கட்டை மட்டும் ரிம்மில் உரசினால், அந்தக் கையில் உள்ள சின்னத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஸ்பிரிங் இறுகிக் கட்டை விலகும். திருகு மறுபக்கக் கையில் இருந்தால் தளர்த்துங்கள்.

10. முன் சக்கரத்தில் மட்கார்டு அல்லது பிரதிபலிப்பான் தாங்கி கட்டாயம் இருக்கட்டும். கொக்கியை இழுக்கும் மேல் ஒயர் அறுந்தால் குறுக்கு ஒயர் டயரின் முள்ளில் மாட்டிச் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். இந்தத் தாங்கி அந்த ஒயரை டயரில் விழவிடாமல் தடுக்கும்.

11. பிடியை மாற்றும்போது வி-பிரேக் பிடியை வாங்காதீர்கள். அது ஒயரை அதிக நீளம் இழுக்கும். கேண்டிலீவரில் பிடிப்பு தளர்ந்துவிடும்.

12. வேலை முடிந்ததும் சைக்கிளை நிறுத்திவைத்தே பலமுறை இறுகப் பிடித்துப் பாருங்கள். பிடி ஹேண்டிலைத் தொட்டுவிட்டால் ஒயர் நழுவுகிறது அல்லது தொய்வாக இருக்கிறது. பிறகு சமதரையில் மெதுவாக ஓட்டுங்கள். முதல் சோதனையே புக்கிட் மெலாவத்தி இறக்கத்தில் வேண்டாம். ஈரத்தில் பிடிப்பு தாமதமாகும். மழையில் முன்கூட்டியே பிரேக்கைத் தொடுங்கள்.

பிள்ளைகள் பள்ளிக்கு ஓட்டும் சைக்கிள் என்றால் மாதம் ஒரு முறை கட்டையையும் ஒயரையும் பாருங்கள். ஒயரில் ஓர் இழை அறுந்திருந்தாலும் அன்றே மாற்றிவிடுங்கள்.