பட்டத்தில் ஏறும் காமிரா

ஏரிக்கரையில் நின்று நோக்கினால் கண்முன் உள்ள பகுதியே தெரியும். வரத்துக்கால்வாய் எங்கே தூர்ந்துள்ளது, வேலிக்காத்தான் எவ்வளவு பரவியுள்ளது, உழவு எங்கே நீர்பிடிப்பினுள் புகுந்துள்ளது என்பனவற்றை ஒருசேரக் காண மேலிருந்து பார்த்தல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பிரான்சு நாட்டில் ஆர்தர் பாத்து என்பவர் 1888-ஆம் ஆண்டிலேயே பட்டத்தில் காமிராவைக் கட்டிப் படம் எடுத்தார். 1906-இல் நிலநடுக்கத்தால் அழிந்த சான்பிரான்சிஸ்கோ நகரை ஜார்ஜ் லாரன்ஸ் பட்டங்களின் துணைகொண்டே படம் பிடித்தார்.

அமைக்கும் முறை

சுமார் இரண்டு மீட்டர் அகலமுள்ள பட்டம், உறுதியான கயிறு, தோல் கையுறை, குறித்த இடைவெளியில் தானே படமெடுக்கும் எடை குறைந்த காமிரா அல்லது பழைய கைப்பேசி ஆகியவை வேண்டும். மூங்கிற் பட்டைகள் இரண்டினைச் சிலுவை வடிவில் பிணைத்து, நான்கு முனைகளிலும் வழவழப்பான வளையங்களைப் பொருத்துக. நடுவில் காமிராவைத் தரை நோக்கிக் கட்டுக. பட்டத்திற்கு 20 மீட்டர் கீழே, கயிற்றில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு கொக்கிகளை மாட்டுக. ஒரே நூல் கொக்கிக்கும் வளையத்திற்குமாக மாறி மாறிச் சென்று, தொடங்கிய இடத்தில் முடிதல் வேண்டும். கயிறு சாய்ந்தாலும் நூல் வளையங்களில் வழுக்கிச் சட்டத்தைச் சமநிலையில் நிறுத்தும். முதலில் பட்டத்தை மட்டும் ஏற்றி, அது நிலையாக நின்று கயிற்றை நன்கு இழுத்த பின்னரே காமிராவைக் கட்டுக.

அளவு அறிதல்

முன்னதாக, 10 மீட்டர் தொலைவிலுள்ள சுவரைப் படமெடுத்து, எவ்வளவு அகலம் அடங்குகிறது என்று அளந்துகொள்க. 100 மீட்டர் உயரத்தில் அதைப்போல் பத்து மடங்கு அடங்கும். தரையில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு வெள்ளைத் துணிகளை விரித்தால், படத்திலுள்ள பிற தொலைவுகளையும் ஏறக்குறைய கணக்கிடலாம்.

எச்சரிக்கை

மின்கம்பி, நெடுஞ்சாலை, விமான நிலையம் ஆகியவற்றின் அருகில் பட்டம் ஏற்றலாகாது. மாஞ்சா நூலும் உலோகக் கம்பியும் அறவே கூடாது. இடிமழை தோன்றினால் உடனே இறக்குக. கயிறு அறுந்தால் காமிரா விழும் என்பதால், அதன் கீழே எவரும் நிற்றல் ஆகாது. உள்ளூர் அதிகாரிகளிடம் முன்கூட்டியே தெரிவித்து, வேண்டிய அனுமதியைப் பெறுதல் வேண்டும்.

இப்படம் எல்லைக்குச் சான்று ஆகாது. எல்லையை நில அளவரே புலப்படத்தைக் கொண்டு அளந்து முடிவுசெய்தல் வேண்டும். ஆயினும், ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் எடுத்த படங்களைக் கிராம சபையில் வரிசையாக வைத்தால், ஏரி சுருங்குவதை அனைவரும் கண்ணாரக் காண்பர். எந்த இடத்தில் முதலில் தூர் வாருவது என்ற வழக்கும் எளிதில் தீரும். நம் ஏரியை முழுமையாகக் கண்டறிந்து காப்பது நம் அனைவரின் கடமையாகும்.