வெறுப்பும் உவர்ப்பும்

சித்தாந்த நூல்களைப் பயில்வார்க்கு நேரும் இடர்களுள் ஒன்று, நூல்வழக்கிற் சிறப்புப்பொருள் பற்றி வந்த சொல்லை உலகவழக்கின் பொதுப்பொருள் பற்றி உணர்ந்துகொள்ளுதல். அங்ஙனம் உணரின், சொற்பொருள் பிறழ்தலேயன்றிச் சாதனமும் பிறழும். வேண்டாமையைக் குறிக்குஞ் சொற்கள் இவ்வாறு பிறழ உணரப்படுவனவற்றுள் தலையாயின. உலகை வெறுத்தவனே துறவி என்கின்றோம்; இருவினையொப்பு எய்தியவனுக்கு விருப்பும் வெறுப்பும் இல்லை என்றுங் கூறுகின்றோம். இவ்விரண்டும் ஒருங்கே பொருந்துமாறு யாங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை காண்டற்கு முதற்கண் சொற்களை ஆராய்வாம்.

இக்காலத்து வெறுப்பென்பது விருப்பின் மறுதலையாய் வழங்குகின்றது. பண்டைநாளில் இச்சொற்குப் பிறிதொரு பொருளும் உண்டு. தொல்காப்பிய உரியியல் இதற்குச் செறிவென்னும் பொருளைக் கூறுகின்றது. இதனோடு ஒத்த வெறுக்கை என்னுஞ் சொல் திருக்குறளிற் செல்வம் என்னும் பொருளில் வந்துள்ளது. ஆகலின் ஒரு சொல்லின் பொருளை அது வருமிடம் நோக்கித் துணிதல் வேண்டுமேயன்றி, நாம் பழகிய பொருளையே எங்கும் ஏற்றுதல் கூடாது.

வெறுப்பிற்கு இனமான சொற்கள் பல. அவை ஒருபொருளன போலத் தோன்றினும் தம்முள் வேறுபாடுடையன. இகல் என்பது இருவர் தம்முள் மாறுபட்டு ஒருவர் வலியை ஒருவர் தொலைத்தற்கு ஏதுவாகும் மாறுபாடு. அது தோன்றுதற்கு எதிர்நிற்பான் ஒருவன் வேண்டும். செற்றம் என்பது அன்றே தோன்றி அன்றே மறையும் சினமன்று. நெடுங்காலம் உள்ளத்தில் நின்று காலம் பார்த்திருப்பது. காழ் என்பது மரத்தின் வயிரம். அவ்வயிரம் போல இறுகி, இளகாது நிற்கும் பகையுணர்வைக் காழ்ப்பு என்கின்றோம். அருவருப்பு, கண்ட அளவிலே முகஞ்சுளித்து விலகச் செய்வது. இவையெல்லாம் தம் பொருளை விட்டு நீங்குவனவல்ல என்பது உற்றுநோக்கத்தக்கது. செற்றமுடையான் தன் பகைவனை ஒருநாளும் மறவான். அன்புடையான் நினைக்கும் அளவினும் மிகுதியாகவே அவன் தன் பகைவனை நினைக்கின்றான். ஆகலின் வெறுப்பும் ஒருவகைப் பற்றேயாம் என்க.

உவர்ப்பு இவற்றின் வேறாயது. உவர் என்பது உப்பின் சுவை. நீர்வேட்கையுற்றான் ஒருவன் ஒரு கிணற்று நீரை வாயிற் பெய்து, அஃது உவர்நீர் என அறிந்தவுடன் உமிழ்ந்துவிட்டு அப்பாற் செல்கின்றான். அவன் அக்கிணற்றின்மேற் சினங்கொள்வதில்லை. அதனைத் தூர்க்க முயல்வதுமில்லை. வழிநெடுகிலும் அதனை இகழ்ந்துகொண்டு செல்வதுமில்லை. அது தன் வேட்கையைத் தணிக்காது, பெருக்கும் என்று அறிந்தான், அவ்வளவே. அறிவினால் நிகழும் இவ்விலகலே உவர்ப்பு. வெறுப்பில் மனம் பொருளைப் பற்றிக்கொண்டு எதிர்க்கின்றது. உவர்ப்பில் மனம் பொருளின் இயல்பை அறிந்து விடுகின்றது.

வைராக்கியம் என்னும் வடசொல்லும் இவ்வாறே பிறழ வழங்கப்படுகின்றது. இரண்டாண்டாக அண்ணனோடு வைராக்கியமாய்ப் பேசாதிருக்கின்றான் எனச் சொல்லக் கேட்கின்றோம். பகைமையை உணர்த்தும் வைரம் என்னுஞ் சொல்லோடு இதனை மயங்கினமையே போலும் இவ்வழக்கு. வைராக்கியம் வைரத்தினின்று பிறந்ததன்று. விராகம் என்பதனின்று பிறந்தது. இராகமின்மை விராகம், அதன் தன்மை வைராக்கியம். ஆகலின் அண்ணனோடு பேசாதிருப்பது வைரமாகலாம், வைராக்கியம் ஆகாது. புத்தி தத்துவத்தின் பாவங்கள் எட்டனுள், தருமம், ஞானம், ஐசுவரியம் என்பவற்றோடு வைராக்கியமும் ஒருங்கு வைத்தெண்ணப்பட்டமை காண்க. பகைமை அவ்வரிசையில் இடம்பெறுதல் யாங்ஙனம்?

இனிச் சித்தாந்தத்தின்கண் இவ்வேறுபாடு பயன்படுமாறு கூறுதும். அராக தத்துவம் உயிரின் இச்சையைப் போகத்தின்கட் செலுத்துகின்றது. நுகர்ச்சி இன்பமாயவழி அதன்கண் விருப்பும், துன்பமாயவழி அதன்கண் வெறுப்பும் நிகழ்கின்றன. விருப்பு அடைதற்கும் வெறுப்பு அழித்தற்கும் உயிரை முயலச் செய்கின்றன. அம்முயற்சி ஆகாமியமாய் ஏறிச் சஞ்சிதமாய்க் கிடந்து பின் பிராரத்தமாய் வந்து ஊட்டும். எனவே பிறவிக்கு வித்தாதலில் இரண்டும் ஒக்கும். தீவினைப் பயனை மாத்திரம் வெறுத்து நல்வினைப் பயனை விரும்புவான் இருவினையொப்பு எய்தியவனாகான். ஒன்றில் விருப்பும் ஒன்றில் வெறுப்புமின்றி, இருவினைகளிலும் அவற்றின் பயன்களிலும் ஒப்ப உவர்ப்பு நிகழ்தலே இருவினையொப்பு என்பது சிவஞான முனிவர் கொள்கை. ஈண்டு வெறுப்பு விலக்கப்படுதலும் உவர்ப்பு வேண்டப்படுதலும் நோக்குக. முதலில் எழுப்பிய வினாவிற்கு விடையும் இதுவே. துறவி உலகை வெறுத்தான் எனுமிடத்து வெறுப்பென்பது உவர்ப்பு என்னும் பொருட்டு.

பெரிய புராணத்துள் இதற்கு இரண்டு இடங்கள் சான்றாகும். திருப்புகலூரில் உழவாரப்பணி செய்த நாவுக்கரசர்முன் பொன்னும் நவமணியும் தோன்றின. அவர் அவற்றை விரும்பவில்லை. தம்மைக் கெடுக்க வந்தன என்று சினந்து நொறுக்கவுமில்லை. பருக்கைக் கற்களோடு ஒப்ப உழவாரத்தில் ஏந்தி வாவியில் எறிந்தார். பணி தொடர்ந்தது. இஃது உவர்ப்பு. திருக்கோவலூரில் மெய்ப்பொருள் நாயனார் திருநீற்று வேடத்தில் வந்த முத்தநாதனால் குத்துண்டார். வாளோங்கிய தத்தனைத் தடுத்து, அவனை இடையூறின்றி ஊர்ப்புறம் விட்டுவரப் பணித்தார். விட்டுவந்தான் என்ற சொற் கேட்கும்வரை உயிர்தாங்கினார். செற்றம் எழுதற்கு இதனினும் ஏற்ற இடம் வேறில்லை. ஆண்டும் அஃது எழவில்லை.

அற்றேல், சித்தாந்திகள் பிறசமயங்களைக் கடிந்து மறுத்தல் என்னை? அது வெறுப்பன்றோ எனின், அன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் பரபக்கத்துப் பதினான்கு மதங்களை எடுத்து ஆராய்கின்றார். ஒவ்வொன்றினும் முதற்கண் அம்மதத்தார் கூற்றை நிறுவி, அதன்பின்னரே மறுதலை கூறுகின்றார். உமாபதி சிவம் 1313ஆம் ஆண்டில் இயற்றிய நூலும் சங்கற்ப நிராகரணம் எனவே பெயர்பெற்றது. சங்கற்பம் பிறர் கொள்கை, நிராகரணம் அதன் மறுப்பு. வெறுப்புடையான் எதிரியின் சொல்லை முழுதுங் கேளான். கேட்பினும் சிதைத்தே எடுத்துரைப்பான். எதிரியின் வழக்கை அவனே சொல்லுமாறு போலச் சொல்ல வல்லவனே மறுத்தற்கு உரியவன். மறுக்கப்படுவது கொள்கை, கொண்டவன் அல்லன்.

தீமையையேனும் வெறுத்தல் வேண்டாவோ எனின், தீமை விலக்கற்பாலதே. ஆயினும் இறைவன் ஒறுத்தலும், மகனைத் தாய்தந்தையர் ஒறுத்தல் போல, மறக்கருணை எனப்பட்டதன்றிச் செற்றம் எனப்படவில்லை. அவனுக்கு இல்லாத செற்றத்தை அவன் பொருட்டென்று நாம் மேற்கொள்ளுதல் எவ்வாற்றானும் பொருந்தாது.

இவ்வாராய்ச்சி சொல்லளவில் நிற்பதன்று. ஒரே ஆசிரியர்பால் பாடங்கேட்ட இருவர் ஒரு சூத்திரப் பொருளில் வேறுபட்டு, ஒருவர் முகத்தில் ஒருவர் விழியாது ஆண்டுகளைக் கழித்தலும், அதனைக் கொள்கை உறுதி என்று பெயரிட்டுக்கொள்ளுதலும் நம்மிடையே உண்டு. உண்மையில் அது காழ்ப்பு. அதற்குரிய பெயரால் அதனை வழங்குவோமாயின், அது களையற்பாலது என்பதும் உடன் தோன்றும். உறுதி எனப் பெயரிட்டவழி, நாள்தோறும் நீர்வார்த்து வளர்ப்பேம்.

ஆகலின் மாணவர் தம் உள்ளத்தெழும் வேண்டாமையைத் தாமே இவ்வாறு அளந்தறிக. அப்பொருள் கண்முன் இல்லாதபொழுதும் அதன் நினைவு வருத்துமாயின் அது வெறுப்பு. அதற்குக் கேடு வந்துழி உள்ளம் மகிழுமாயின் செற்றம். பிறர் அதனைப் புகழக் கேட்டும் மனம் அசையாதிருக்குமாயின் உவர்ப்பு. முன்னை இரண்டும் உயிரை உலகோடு பிணிக்கும். பின்னையது அதனைத் திருவடிக்கு உரியதாக்கும்.

திருச்சிற்றம்பலம்