கேன் தண்ணீர் வாங்கியும் பேதி ஏன்?

கைக்குழந்தைக்குப் பேதி. ஒரு வாரம் கழித்து அக்காவுக்கு, பிறகு அம்மாவுக்கு. பழி குடிதண்ணீர் மேலோ நேற்றுச் சாப்பிட்ட பரோட்டா மேலோ விழும். ஆனால் கிரிப்டோஸ்போரிடியம், ஜியார்டியா என்ற ஒட்டுண்ணிகள் உடலுக்குள் போய்ப் பேதியாக வெளிப்படப் பெரும்பாலும் ஏறக்குறைய ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். வீட்டில் ஒருவர்பின் ஒருவராகப் படுத்தால் கைகளைச் சந்தேகிக்க வேண்டும்.

நம்பிக்கை: நல்ல தண்ணீர் குடித்தால் போதும்.
உண்மை: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் இரண்டும் சாகும், அதை விடக்கூடாது. ஆனால் அது ஒரு வழியைத்தான் அடைக்கும். வேலூரில் புட்டித் தண்ணீர் குடித்த குழந்தைகளையும் குழாய்த் தண்ணீர் குடித்த குழந்தைகளையும் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். 2013இல் வெளியான முடிவு: கிரிப்டோஸ்போரிடியம் தொற்றில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

நம்பிக்கை: பால்குடிக் குழந்தையின் மலம் கெடுதல் செய்யாது.
உண்மை: கிரிப்டோஸ்போரிடியம் கண்ட குழந்தை ஒருமுறை வெளிக்குப் போனாலே கோடிக்கணக்கான கிருமிகள் வெளியேறலாம். கெட்டியான உறைக்குள் இருக்கும் அவை அப்போதே அடுத்தவரைத் தொற்றத் தயார். பத்துக் கிருமி வாய்க்குள் போனாலே நோய் வரலாம். கால் கழுவிவிட்ட கை அடுத்து சோறு பிசைந்தால் வேறு வழியே வேண்டாம்.

நம்பிக்கை: பேதி நின்றால் தொற்றும் நின்றது.
உண்மை: கிரிப்டோஸ்போரிடியம் பேதி நின்றபின்னும் இரண்டு வாரம்வரை, சிலருக்கு அதற்கு மேலும் மலத்தில் வரும். ஜியார்டியா மாதக்கணக்கில்கூட வரலாம். ஒரு தொந்தரவும் இல்லாத பெரியவரும் அதைப் பரப்பலாம்.

நம்பிக்கை: சானிடைசர் தடவினால் போதும்.
உண்மை: சானிடைசர் இந்தக் கிருமிகளின் கெட்டி உறையைத் துளைக்காது. நீச்சல்குளத்தில் போடும் அளவு குளோரினில் கிரிப்டோஸ்போரிடியம் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். சோப்பு அதைக் கொல்வதில்லை. தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவும்போது கையைவிட்டு அகற்றுகிறது.

பேதிக்காரர் சமைக்காமல், ஊட்டாமல் இருப்பது நல்லது. குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுத்துக்கொண்டே இருங்கள். இரத்தம் கலந்து போனாலோ, சிறுநீர் குறைந்து குழந்தை சோர்ந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். வீட்டில் யாருக்கு, எந்த நாளில் ஆரம்பித்தது என்று வரிசையாகச் சொல்லுங்கள். கிரிப்டோஸ்போரிடியம் வழக்கமான மலப் பரிசோதனையில் தப்பிவிடலாம். தனிப் பரிசோதனை தேவையா என்று டாக்டர் முடிவெடுக்க அந்த வரிசை உதவும்.