ஒரு லிட்டர் பெட்ரோல்

1939-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்திலுள்ள உட் ரிவர் என்னும் ஊரில், ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய சிலர் தமக்குள் ஒரு பந்தயம் கட்டினர். விரைந்து செல்பவர் யார் என்பதன்று அப்பந்தயம். ஒரே அளவு பெட்ரோலைக்கொண்டு தம் காரை நெடுந்தொலைவு செலுத்த வல்லவர் யார் என்பதே. வென்றவர் காலன் ஒன்றுக்கு ஏறக்குறைய 50 மைல் சென்றார். அஃதாவது லிட்டருக்கு 21 கிலோமீட்டர். அக்காலத்து அமெரிக்கக் கார்கள் பருத்த உடலும் பெருந்தீனியும் உடையவை. ஆதலின், அவர் சென்ற தொலைவு வியப்புக்குரியதே.

வண்டியின் அமைப்பு ஒன்றே இதற்குக் காரணம் என எண்ணிவிடலாகாது. ஒரே காரை, ஒரே வழியில் இருவர் ஓட்டினாலும் பெட்ரோல் செலவு வேறுபடும். அவ்வேறுபாடு எங்கே பிறக்கின்றது?

எஞ்சினில் எரியும் பெட்ரோல் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே சக்கரத்தை உருட்டப் பயன்படுகின்றது. எஞ்சியது புகைக்குழாய் வழியாகவும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் வழியாகவும் வீணாய் வெளியேறுகின்றது. அதனைக் குறைப்பது பொறியியல் வல்லுநரின் கவலை. கைக்கு வந்த அந்தக் கால் பங்கை எவ்வாறு செலவிடுவது என்பதே ஓட்டுபவரின் கவலை.

ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றது எனக் கொள்வோம். நின்றிருந்த அக்காருக்கு அவ்வேகத்தை ஊட்ட எஞ்சின் செய்த வேலை எவ்வளவு? அதே காரைத் தரையிலிருந்து 14 மீட்டர் உயரத்திற்கு, அஃதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சிக்குத் தூக்கும் வேலைக்கு அது சமம். வேகம் 80 ஆயின் அவ்வுயரம் 25 மீட்டராகிவிடும். இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த ஆற்றலைப் பிரேக்கை மிதித்த சில நொடிகளில் வெறும் வெப்பமாக்கி விடுகின்றோம். நெடுநேரம் பிரேக் இட்ட சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுசென்றால் அனல் வீசும். அது நாம் விலை கொடுத்து வாங்கிய பெட்ரோலின் அனல். கணக்கிட்டுப் பார்த்தால், 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏறக்குறைய அறுபது முறை நிறுத்தினால் ஒரு லிட்டர் பெட்ரோல் பிரேக்கிலேயே தேய்ந்துவிடும்.

நம் நாட்டு மாட்டுவண்டிக்காரர் இவ்வுண்மையைப் பள்ளியில் பயிலாமலே அறிந்தவர். தொலைவில் பள்ளம் தெரிந்தால் அவர் காளைகளை விரட்டுவதில்லை. கயிற்றை இளக்கி, வண்டி தானே தளர்ந்து வர விடுகின்றார். காரோட்டி செய்யவேண்டுவதும் அதுவே. முன்னே செல்லும் வண்டியின் முதுகை மட்டும் நோக்காமல், அதற்கும் அப்பால் நோக்குதல் வேண்டும். தொலைவில் சிவப்பு விளக்கு தெரிந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், விளக்கை அணுகுவதற்குள் வேகம் தானே தணிந்துவிடும். சிற்சில வேளைகளில் நிற்கவேண்டிய தேவையே இராது. விளக்கு வரை சீறிப்பாய்ந்து, அங்கே திடுமென நிறுத்துபவர் அடைந்த ஊதியம் யாது? இருவரும் ஒரே பச்சை விளக்கில்தான் புறப்படுகின்றனர்.

ஆயினும், பிரேக்கை மிதிக்க அஞ்சவேண்டும் என்பது இதன் பொருளன்று. குழந்தை ஒன்று சாலையின் குறுக்கே ஓடிவரும்பொழுது பெட்ரோல் கணக்கு எவர் நினைவிலும் எழலாகாது.

சிக்கனம் என்று கருதிச் சிலர் செய்யும் செயல்கள் சிக்கனமும் அல்ல; உயிருக்கும் கேடாவன. ஒருமுறை நான் உதகமண்டலத்திலிருந்து மேட்டுப்பாளையத்திற்கு வாடகைக் காரில் இறங்கிக்கொண்டிருந்தேன். குன்னூரைக் கடந்ததும் ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டார். "ஏன் தம்பி நிறுத்தினீர்கள்?" என்று வினவினேன். "இறக்கத்தில் பெட்ரோல் எதற்கு, ஐயா? வண்டி தானே போகும்" என்றார். வண்டி போகத்தான் செய்தது. மூன்றாம் வளைவில் எதிரே ஒரு பேருந்து ஏறி வந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். மிதி கல்லைப்போல இறுகியிருந்தது. இரு கால்களையும் ஊன்றி மிதித்த பின்னரே, மலைப்பக்கத்துச் சுவரை உரசியவாறு கார் நின்றது. நெடுநேரம் நாங்கள் இருவரும் பேசவில்லை.

நிகழ்ந்தது இதுதான். பெரும்பாலான பெட்ரோல் கார்களில், பிரேக்கை அழுத்தும் காலுக்குத் துணையாக, எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடத்தின் விசை உதவுகின்றது. எஞ்சின் நின்றபின் சேமிப்பில் உள்ள அவ்விசை ஓரிரு மிதிகளுக்கே போதுமானது. திசைச்சக்கரமும் திருப்புவதற்குக் கடினமாகிவிடும். இதனினும் வியப்பு ஒன்றுண்டு. இக்காலத்துக் கார்களில், கியரை விடுவிக்காமல் காலை மட்டும் எடுத்துவிட்டு இறங்கினால், எஞ்சினுக்குச் செல்லும் பெட்ரோலைக் கருவியே அறவே நிறுத்திவிடுகின்றது. சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. எஞ்சினும் வண்டியைப் பிடித்து நிறுத்தித் துணைபுரிகின்றது. கியரை நியூட்ரலில் தள்ளி இறங்கினாலோ, எஞ்சின் அணையாதிருக்கப் பெட்ரோல் செலவாகின்றது. எனவே, என்னை அழைத்துவந்த ஓட்டுநர் உயிரைப் பணயம் வைத்துச் சேமித்த பெட்ரோல் ஒரு துளியும் இல்லை.

எஞ்சினை நிறுத்தவேண்டிய இடம் வேறு. இருப்புப்பாதைக் கடவில் கதவு மூடியிருக்கும்பொழுது, நின்ற இடத்திலேயே எஞ்சின் உறுமிக்கொண்டிருப்பதைக் காண்கின்றோம். மீண்டும் இயக்க மிகுந்த பெட்ரோல் செலவாகும் என்பது பழங்காலத்து எண்ணம். இக்காலத்து எஞ்சினில், பத்து நொடிக்கு மேல் நிற்க நேர்ந்தால், நிறுத்தி மீண்டும் இயக்குவதே குறைந்த செலவு. காற்றுக் குறைந்த டயரும் அவ்வாறே வீண்செலவு செய்விக்கும். உருளும்பொழுது அது நசுங்கி நசுங்கிச் சூடேறுகின்றது.

இனி, வேகத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். காற்று நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும், விரைந்து செல்லும் காருக்கு அது ஒரு சுவர். வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகின்றது. 50-இல் செல்லும்பொழுது காற்றை விலக்கச் செலவாகும் ஆற்றலைப்போல நான்கு மடங்கு, அதே தொலைவை 100-இல் கடக்கும்பொழுது செலவாகும். 1973-ஆம் ஆண்டில் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தியபொழுது அமெரிக்க அரசினர் கையாண்ட வழிகளுள் இதுவும் ஒன்று: 1974-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், நாடெங்கும் மணிக்கு 55 மைலுக்கு, அஃதாவது ஏறக்குறைய 88 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாது என விதித்தனர். விரைவையே விரும்பும் அந்நாட்டினர் அவ்விதியை முணுமுணுத்துக்கொண்டே ஏற்றனர். பிறகு சற்றுத் தளர்த்தப்பட்ட அது, 1995-இல் அறவே நீக்கப்பட்டது.

நம் நாட்டிற்கும் இக்கவலை உண்டு. இந்தியா பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்கிற்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வருகின்றது. அதற்குரிய விலையை அயல்நாட்டு நாணயத்தில் கொடுக்கின்றோம். காற்று மாசடைவது மற்றொரு விலை. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவே. அஃது எரிந்தால் உண்டாகும் கரியமில வாயுவோ 2.3 கிலோ. முக்கால் கிலோவிலிருந்து இரண்டு கிலோவுக்கு மேல் எவ்வாறு வந்தது என மயங்கவேண்டா; பெட்ரோலிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடுவதால் எடை மிகுகின்றது.

உட் ரிவரில் விளையாட்டாகத் தொடங்கிய பந்தயம் அங்கேயே முடிந்துவிடவில்லை. 1985-இல் அது பிரான்சு நாட்டில் மாணவர் போட்டியாக வளர்ந்தது. மாணவர்களே வடிவமைத்து, படுத்தவாறு ஓட்டிய இலேசான வண்டிகள் லிட்டருக்கு 3000 கிலோமீட்டருக்கு மேலும் சென்றிருக்கின்றன. அவர்கள் எஞ்சினைச் சிறிது நேரம் இயக்கி, பிறகு நிறுத்திவிட்டு உருண்டு செல்வதுண்டு. வேறு போக்குவரத்து இல்லாத, காவலுள்ள தடத்தில் ஓட்டுவதால் அங்கே அது தகும். 2018-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அப்போட்டி சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் நடைபெற்றபொழுது, தம் கையால் செய்த வண்டிகளை மாணவர்கள் கொண்டுவந்து நிறுத்தினர்.