குச்சி நல்லாத்தான் இருக்கு, டிரைவர்தான் தகராறு!

அறிவியல் கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம். கம்ப்யூட்டரில் டிவி பார்க்கும் ஆர்டிஎல் வகை யூஎஸ்பி குச்சியை வைத்து எஃப்எம் ரேடியோ கேட்க வைப்பதுதான் எங்கள் குழுவின் மாடல். லினக்ஸ் கம்ப்யூட்டரில் சொருகினோம். வந்தது பாட்டு இல்லை, 'பிழை -3'. "போச்சுடா, குச்சி அவுட்டு"ன்னு ஒருத்தன் எழுந்தே போயிட்டான்.

டிரைவர் என்பது கருவியோடு பேசும் புரோகிராம். பெரும்பாலும் கெர்னலுக்குள்ளேயே இருக்கும். அங்கே ஒரு தப்பு நடந்தால் மொத்த சிஸ்டமும் நின்றுவிடலாம். சில டிரைவர்கள் வெளியே, சாதாரண புரோகிராம் மாதிரி ஓடும். இதற்கு யூசர்ஸ்பேஸ் டிரைவர் என்று பெயர். அது விழுந்தால் பெரும்பாலும் அது மட்டும்தான் விழும். திரும்ப ஓட விடலாம். எங்கள் ரேடியோ டிரைவர் இந்த வகை. ஆனால் எதற்கும் கெர்னலிடம் கேட்டுத்தான் ஆகணும்.

முதலில் 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளை கொடுத்தோம். பட்டியலில் ரியல்டெக் என்று பெயர் இருந்தது. அப்போ குச்சிக்கு உயிர் இருக்கு! -3 என்றால் அனுமதி இல்லை என்று அர்த்தம். 'சுடோ' போட்டு ஓட்டினோம். இப்போது -6.

-6 என்றால் 'வேறொருவர் கையில் இருக்கிறது'. யார் அது? 'டிமெஸ்க்' கட்டளை காட்டிக்கொடுத்தது. சொருகின உடனே கெர்னலின் சொந்த டிவி டிரைவர், பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரி முந்திக்கொண்டது! 'ஆர்எம்மாட்' கட்டளையால் அதை இறக்கினோம். ஆனால் பிடுங்கிச் சொருகினால் மறுபடி வந்து உட்காரும். அதனால் அதன் பெயரைத் தடைப்பட்டியலில் எழுதி வைத்தோம். எப்போதும் சுடோவில் ஓட்டுவது நல்ல பழக்கம் இல்லை. 'யூடெவ்' விதி ஒன்று எழுதி அனுமதியையும் சரிசெய்தோம். விதி எழுதினதும் குச்சியைப் பிடுங்கிச் சொருக மறக்காதீங்க. நாங்க மறந்து அரை மணி நேரம் முழிச்சோம்.

இப்போது ஓடியது, ஆனால் 'பைட்டுகள் தொலைந்தன' என்று ஓயாமல் வந்தது. கணக்கு போட்டுப் பாருங்க: நொடிக்கு 20,48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 2 பைட். அதாவது நொடிக்கு 40 லட்சம் பைட்டுக்கு மேல்! நாங்கள் மாட்டியிருந்த ஹப்போ பழைய யூஎஸ்பி 1.1. முழு வேகமே நொடிக்கு 15 லட்சம் பைட்தான். ஹப்பைக் கழற்றி, சிபியு பெட்டியின் பின்பக்க 2.0 போர்ட்டில் நேராகச் சொருகினோம்.

பாட்டு வந்தது. எழுந்து போனவனும் வந்தான்.

– 11-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு