பருத்தியும் உரமிடும் பருவமும்

நுழையும்முன்

சிறு உழவர் வாங்கும் உரமூட்டைக்குப் பின்னே பெரும்பாலும் ஒரு கடன் இருக்கிறது. அவ்வுரம் செடியைச் சேர்ந்தால் விளைச்சலாகத் திரும்பும். சேராவிட்டால் காற்றிலும் நீரிலும் கலந்து மறையும். இவ்விரண்டில் எது நிகழும் என்பதை உரத்தின் அளவு மட்டுமன்றி, அதை இடும் நாளும் முடிவு செய்கிறது. பருத்திச் செடியின் வளர்ச்சியைக் கொண்டு அந்நாளை அறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

இரு வயல்கள்

அடுத்தடுத்துள்ள இரு பருத்தி வயல்களை எண்ணிப் பார்ப்போம். மண் ஒன்று, விதை ஒன்று, விதைத்த நாளும் ஒன்று. இரண்டுக்கும் வாங்கிய யூரியாவின் அளவும் ஒன்றே. முதல் வயலில் அது முழுவதும் விதைப்பின்போதே இடப்படுகிறது. இரண்டாம் வயலில் ஒரு பாதி விதைப்பின்போதும் மறுபாதி ஏறத்தாழ 45ஆம் நாளிலும் இடப்படுகிறது. முதல் மாதம் முடியும்போது இரு வயல்களும் ஒன்றுபோலவே பசுமையாக இருக்கும். காய் பிடிக்கும் காலத்திலோ முதல் வயலின் அடியிலைகள் மஞ்சளாக வெளிறத் தொடங்கும். பிஞ்சுகள் மிகுதியாக உதிரும். இரண்டாம் வயல் தன் காய்களைத் தாங்கி நிற்கும். செலவிட்ட பணம் இரண்டிலும் ஒன்றாக இருக்க, பலன் மட்டும் வேறுபடுவது ஏன்? அதற்கான விடை செடியின் வளர்ச்சியிலும் சத்துகளின் இயல்பிலும் இருக்கிறது.

செடியின் காலக்கணக்கு

பருத்தி முளைத்தபின் முதல் மாதத்தில் வேரை ஆழமாக ஊன்றுவதிலேயே முனைகிறது. அப்போது இலைகள் சிலவே. செடிக்குத் தேவைப்படும் சத்தும் சிறிதளவே. 35 முதல் 45 நாள்களுக்குள் சப்பைகள் தோன்றுகின்றன. மூன்று பச்சைச் செதில்களுக்குள் மூடியிருக்கும் பூமொட்டையே உழவர்கள் சப்பை என்பர். ஏறத்தாழ மூன்று வாரங்களில் அது பூவாக விரிகிறது. காலையில் வெளிர்நிறமாக மலரும் பூ மறுநாள் இளஞ்சிவப்பாக மாறி வாடுகிறது. அதன்பின் காய் முற்றி வெடிக்க 45 முதல் 50 நாள்கள் வரை ஆகின்றன.

சப்பை கட்டத் தொடங்கியது முதல் காய்கள் திரளும் வரையுள்ள காலமே பருத்தியின் பெரும்பசிக் காலம். செடி தன் வாழ்நாளில் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்தின் பெரும்பகுதியை இவ்வாரங்களில்தான் எடுக்கிறது. இக்காலத்தில் சத்துக் குறைந்தால் செடி தான் தாங்க இயலாத சப்பைகளையும் பிஞ்சுகளையும் உதிர்த்துவிடும். உதிர்ந்தவற்றைப் பின்னர் இடும் உரம் மீட்டுத் தாராது.

மூன்று சத்துகள், மூன்று இயல்புகள்

எல்லாச் சத்துகளையும் ஒரே நாளில் இட வேண்டும் என்பதில்லை. எல்லாவற்றையும் பிரித்து இட வேண்டும் என்பதும் இல்லை. மணிச்சத்து மண்ணில் இட்ட இடத்தைவிட்டு மிகச் சிறிதளவே நகரும். இளவேர் அதை நாடிச் சென்று எடுக்க வேண்டியிருப்பதால், வேர் பரவும் இடத்தில் அதை விதைப்பின்போதே அடியுரமாக இடுவது பொருத்தம். சாம்பல்சத்தைக் களிமண் ஓரளவு பிடித்துவைக்கும். மணற்பாங்கான நிலம் அவ்வாறு பிடித்துவைப்பதில்லை. காய்க்குள் பஞ்சிழை நீள்வதற்கும் இச்சத்து வேண்டும். ஆகவே அதைப் பகுத்து இடுவது நன்மை தரும்.

தழைச்சத்தோ மண்ணில் நெடுநாள் தங்குவதில்லை. பருத்திக்கு உரமிடும் காலத்தைப் பற்றிய கேள்வி, பெரும்பாலும் தழைச்சத்தை இடும் காலத்தைப் பற்றிய கேள்வியாக அமைவது இதனால்தான்.

தழைச்சத்து கைநழுவும் வழிகள்

மண்ணில் விழுந்த யூரியா, யூரியேஸ் என்னும் நொதியால் அம்மோனியாவாக மாறுகிறது. காய்ந்த மண்ணின் மேற்பரப்பில் வெயிலில் கிடந்தால் அதன் ஒரு பகுதி வளியாகிக் காற்றில் கலந்துவிடும். காரத்தன்மை மிகுந்த கரிசல் நிலத்தில் இவ்விழப்பு கூடுதலாகும். மண்ணில் தங்கிய பகுதி நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாற்றப்படுகிறது. களிமண் துகள்கள் எதிர்மின் தன்மையுடையவை, நைட்ரேட்டும் அத்தன்மையுடையதே. எனவே மண் அதைப் பிடித்துவைப்பதில்லை. மிகுந்த நீர் அதை வேருக்குக் கீழே கொண்டுசெல்கிறது. அது நிலத்தடி நீரையும் மாசுபடுத்தும். நீர் தேங்கி மண்ணில் காற்றோட்டம் அற்றுப்போனால், வேறு சில நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வளியாக்கி வெளியேற்றிவிடும்.

விதைத்த நாளில் இட்ட யூரியா முழுவதையும் சிறு நாற்றால் உண்ண இயலாது. செடிக்குப் பெரும்பசி வரும்போது, முன்பு இட்டதில் பெரும்பகுதி மேற்கூறிய வழிகளில் கழிந்திருக்கும். முதல் வயலில் நிகழ்ந்தது இதுவே.

இதனை உணர்ந்தே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உரத்தைப் பிரித்து இடப் பரிந்துரைக்கிறது. பாசனத்தில் வளரும் ரகங்கள் பலவற்றுக்கு எக்டேருக்கு 80 கிலோ தழைச்சத்து, 40 கிலோ மணிச்சத்து, 40 கிலோ சாம்பல்சத்து என்பது பொதுப் பரிந்துரை. மணிச்சத்து முழுவதும் அடியுரமாகும். ஏனைய இரண்டும் பாதியை அடியுரமாகவும், மீதியை 40 முதல் 45ஆம் நாளுக்குள் மேலுரமாகவும் இட வேண்டும். கூடுதல் உரம் வேண்டும் வீரிய ஒட்டு ரகங்களுக்குத் தழைச்சத்து அடியுரமாகவும், 45, 65ஆம் நாள்களில் மேலுரமாகவும் மூன்றாகப் பிரிக்கப்படுகிறது. மண் பரிசோதனை முடிவு கையில் இருப்பின் அதன்படி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மேலுரத்தை இடும் முறையும் கருதத்தக்கது. களையெடுத்தபின், மண்ணில் ஈரம் இருக்கும்போது, செடிக்குச் சற்றுத் தள்ளி உரத்தை இட்டு, உடனே மண் அணைக்க வேண்டும். களை நிறைந்த வயலில் இட்ட உரம் முதலில் களையையே வளர்க்கும்.

காலம் கடந்த உரம்

முன்கூட்டி இடுவது இழப்பு என்றால், பிந்தி இடுவது தீங்கு. பருத்தி இயல்பில் பல்லாண்டுச் செடி. மனிதர் அதை ஒரு பருவப் பயிராக வளர்க்கின்றனர். இலையும் சப்பையும் பூவும் காயும் ஒரே காலத்தில் அதில் இருக்கும். காய்கள் முற்றும் வேளையில் மிகுதியான தழைச்சத்துக் கிடைத்தால், செடி மீண்டும் தழைக்கத் தொடங்கும். காய் வெடிப்பது தாமதமாகும். அடர்ந்த இலைகளின் நிழலில் ஈரம் தங்கிக் காய்கள் அழுகும். மென்மையான தளிரை நாடித் தத்துப்பூச்சியும் வெள்ளை ஈயும் பெருகும். உரத்திற்குச் செலவிட்டவர் பூச்சிமருந்துக்கும் செலவிட நேரும். செடியின் கரும்பசுமையை மட்டும் கண்டு மகிழ்வோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வானமும் வயலும்

பெரம்பலூர், அரியலூர், விருதுநகர் போன்ற மாவட்டங்களில் பருத்தி பெரிதும் மானாவாரிப் பயிராகும். புரட்டாசியில் விதைத்தால் மேலுரத்திற்குரிய நாள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், வடகிழக்குப் பருவமழையின் நடுவே வரும். செடி கேட்கும் நாளும் வானம் இடம் தரும் நாளும் ஒன்றாக அமைவது அரிது. மண் காய்ந்திருக்கும்போது இட்டால் உரம் காற்றில் கலக்கும். பெருமழைக்கு முன் இட்டால் நீரில் போகும். கையில் இருப்பதோ ஒரு மூட்டை. அதை இருமுறை வாங்க இயலாது. உழவரின் அறிவு சோதிக்கப்படும் இடம் இதுவே.

இங்கு 45 என்னும் எண்ணை வழிகாட்டியாகக் கொள்ளலாமேயன்றிக் கட்டளையாகக் கொள்ளலாகாது. சப்பை தோன்றிவிட்டதா என்று செடியைப் பார்க்க வேண்டும். மண்ணைக் கையில் எடுத்துப் பதம் பார்க்க வேண்டும். வானிலை அறிவிப்பையும் கேட்க வேண்டும். தேங்கிய நீர் வடிந்து, கால் புதையாமல் நடக்கும் அளவுக்கு நிலம் பதப்பட்டதும் உரமிடுவது பயன் தரும். அதற்காகச் சில நாள்கள் காத்திருப்பது தவறன்று. மண்ணில் இட இயலாத நிலை நீடித்தால் 2 விழுக்காடு டி.ஏ.பி. கரைசலை இலைவழியாகத் தெளித்துச் செடியைத் தாங்கலாம். முதல்நாள் இரவே உரத்தை ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை வடித்துப் பயன்படுத்துவர்.

உரத்தின் அளவை மூட்டையில் அச்சிட்டிருப்பர். இடவேண்டிய நாளை அதில் அச்சிட இயலாது. அதைச் செடியிடமும் மண்ணிடமும் வானத்திடமும் கேட்டறிந்து முடிவு செய்பவரே உழவர். அம்முடிவு சரியாக அமையும்போது, கூடுதலாக ஒரு காசும் செலவின்றி விளைச்சல் பெருகுகிறது. நிலத்தடி நீரும் காக்கப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

யூரியாவில் உள்ள தழைச்சத்து 46 விழுக்காடு. 40 கிலோ தழைச்சத்தைத் தர ஏறத்தாழ 87 கிலோ யூரியா வேண்டும். இது ஓர் எக்டேருக்கான ஒருமுறை அளவு. ஓர் ஏக்கருக்கு இது ஏறத்தாழ 35 கிலோ. அதாவது, 45 கிலோ மூட்டை ஒன்றைவிடக் குறைவு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் உள்ள உழவர் ஒருவரைச் சந்தித்து, அவர் மேலுரம் இடும் நாளை எவ்வாறு முடிவு செய்கிறார் எனக் கேட்டுக் குறிப்பெழுதுக.
2. மேலுரம் இட வேண்டிய வாரத்தில் பெருமழை அறிவிக்கப்பட்டுள்ளது. நீங்கள் என்ன முடிவெடுப்பீர்கள்? காரணங்களுடன் வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. சப்பை, அடியுரம், மேலுரம், மண் அணைத்தல், பதம் ஆகிய சொற்களைப் போல உங்கள் ஊரில் வழங்கும் வேளாண் சொற்களைத் தொகுத்து, பொருளுடன் அட்டவணைப்படுத்துக.