புறக்கடையில் பிரண்டை

வேலியில் தானே படரும் கொடியை நாம் பயிராக மதிப்பதில்லை. நாங்குநேரி, இராதாபுரம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் பிரண்டை முள்வேலிகளின்மேல் படர்ந்து கிடக்கிறது. தாமிரபரணிப் பாசனத்து ஊர்களிலும் வீட்டுக்கு ஒரு கொடி இருத்தல் நலம். அதை வளர்க்கும் முறையையும், பயன்படுத்தும் அளவையும் இங்குக் கூறுவோம்.

நடும் முறை: மூன்று நான்கு கணுக்கள் உள்ள முற்றிய தண்டை நறுக்கி, இரண்டொரு நாள் நிழலில் வாடவிட்டு, இரண்டு கணுக்கள் மண்ணுள் மறையுமாறு ஊன்றவேண்டும். நீர் தேங்கினால் தண்டு அழுகிவிடும். ஆகையால் வயலை அடுத்த வீடுகளில், மணலும் மக்கிய எருவும் கலந்த மேட்டில் நடுவதே தக்கது. பற்றிப் படர ஒரு கொம்போ கிளுவை வேலியோ போதும். வேர் பிடித்தபின் மிகக் குறைந்த நீரே தேவை.

உணவாக: இளந்தண்டுகளையே பறிக்கவேண்டும். இதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் கையிலும் நாவிலும் அரிப்பை உண்டாக்கும். ஆதலால் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நார் உரித்து, எண்ணெயில் நன்கு வதக்கி, உளுத்தம்பருப்பு, மிளகாய்வற்றல், புளி சேர்த்துத் துவையலாக அரைப்பது வழக்கம். பச்சையாக உண்ணலாகாது. சிறுநீரகக் கல் உள்ளோர் மருத்துவரைக் கேட்டே உண்ணவேண்டும். அப்பள மாவில் பிரண்டைச் சாறு சேர்ப்பதும் பழைய வழக்கமே. அப்பளத்துக்குப் பெயர்பெற்ற கல்லிடைக்குறிச்சி நம் ஆற்றங்கரையில்தானே உள்ளது!

மருந்தாக: பிரண்டை எலும்பைக் கூட்டும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பா, பிரசாத் ஆகியோர் 1960-களில் விலங்குகளிடம் இதனை ஆராய்ந்தனர். எனினும், முறிந்த எலும்பை நேர்செய்து பொருத்தும் ஆற்றல் எந்தச் செடிக்கும் இல்லை. இறுக்கிக் கட்டிய பற்றுக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, கை காலையே இழக்க நேரிடலாம். எலும்பு முறிந்தால் உறுப்பை அசையாமல் வைத்து, 108 ஊர்தியை அழைத்து, மருத்துவமனைக்குச் செல்வதே முறை. பிரண்டை மருந்தை உட்கொள்ள விரும்புவோர், 1964-இல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவர்களை நாடலாம்.

மேலைநாட்டிலும் இதற்கொரு பாடம் உண்டு. அங்கு எலும்பு கூட்டும் மூலிகையெனக் காம்ப்ரி என்னும் செடியை வீட்டுத் தோட்டங்களில் வளர்த்து வந்தனர். அதிலுள்ள நச்சுப்பொருள் ஈரலைக் கெடுப்பது தெரியவந்தபின், உட்கொள்ளும் காம்ப்ரிப் பண்டங்களை விற்பனையிலிருந்து நீக்குமாறு அமெரிக்க அரசு 2001-இல் அறிவுறுத்தியது. பழைய வழக்கம் என்பதாலேயே ஒரு மூலிகை தீங்கற்றதாகிவிடாது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் பள்ளித் தோட்டத்தில் ஒரு கொடி நட்டு, தண்டுகளை வீடுதோறும் வழங்கலாம். கொடியோடு, எலும்பு முறிந்தால் செய்யவேண்டியது இன்னதென்ற அறிவையும் வழங்குவார்களாக.